மச்சான் சட்டையில் தெறித்த பீர்

அறுபதுகளில் கடலூரில் மதுவிலக்கு. ஆசைப்பட்டவர்கள் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறுவார்கள். நானும் என் மனைவியின் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு பாரில், பார்லியில் செய்த வீரியமான பீரைக் குடித்தேன். முதலில் கசந்து, பிறகு வெல்லப்பாகு போல நாக்கில் தங்கியது. இன்னொரு பாட்டிலைத் திறந்தபோது நுரை பொங்கி, சோடா குடித்துக்கொண்டிருந்த அவன் சட்டையெல்லாம் தெறித்தது.

திரும்பும்போது எல்லையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. வாய் நிறைய வெற்றிலை மென்றுகொண்டிருந்த என்னை விட்டுவிட்டு, சட்டை நாறிய அவனை இறக்கினார்கள். அவன் என்னைப் பார்த்தான். எனக்கு என் சர்க்கார் வேலை ஞாபகம் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் வந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"குடிச்சிட்டு மானத்த வாங்கிட்டியேடா! ஒங்க மாமாவப் பாத்தாவது திருந்தக் கூடாதா?" என்று என் மனைவி கத்தினாள்.

"தப்புதான்க்கா. மாமா வேணாம்னுதான் சொன்னாரு," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அவனை அவள் சாப்பிடக் கூப்பிடவில்லை. எனக்குப் பெரிய வஞ்சிரத் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

அந்த பீரின் ருசி எப்போதோ மறந்துவிட்டது. அந்த மீனை முள் மட்டும் மிஞ்சும்படி நான் தின்று முடித்தது மறக்கவில்லை.