கவுண்டருக்குப் பின்னால் ஒரு உடம்பு

மருந்துக் கடையில் நிற்பவருக்கு ஊரில் உள்ள அத்தனை பேர் உடம்பும் தெரியும். தன் உடம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்க முடியாது. காலையிலிருந்து நின்று கால் வீங்கி, டாக்டர் கிறுக்கியதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கும் சக ஜீவன்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெண்ணாக வளர்ந்தவள், பெண்தான். ஆனால் கர்ப்பப்பை கிடையாது. குரோமோசோம் ஆண்களுக்கு உள்ளது. இடைபால் என்கிறார்கள். பதினாறு வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அடிவயிற்றில் கட்டி என்று சொல்லி, உள்ளே இருந்த சுரப்பிகளை எடுத்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. எடுத்தது விதைச் சுரப்பிகள் என்பதே, பார்மஸி படிக்கும்போது வேறொரு டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்ன பிறகுதான் தெரியும். அதிலிருந்து தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை. ஒத்தக்கடையில் நான் வேலை பார்க்கும் கடையிலேயே அது இருக்கிறது.

திருவிழா மாத்திரை

சித்திரை பிறந்தால் தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரைக்குக் கூட்டம் வந்துவிடும். பால்குடம், முளைப்பாரி, அழகர் என்று ஆளுக்கொரு காரணம். அப்படி வந்த ஒரு அக்காவிடம், டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து மெதுவாக, "உனக்கு எப்பம்மா தேதி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கென்றே ஒரு பொய்த் தேதி வைத்திருப்பேன். அன்று ஏனோ அது வாயில் வரவில்லை. குனிந்து, அடுத்தவருக்கான மாத்திரை அட்டையைக் கத்தரிக்க ஆரம்பித்தேன். அவர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். "இதுல என்ன இருக்கு? பொம்பளையாப் பொறந்தா எல்லாத்துக்கும் உள்ளதுதான."

பரு

எனக்கு முகத்தில் ஒரு பரு வந்ததில்லை. என் மாதிரி உடம்புக்காரர்கள் பலருக்கு வராது. டாக்டரம்மா அதைச் சொன்னபோது, ஏதோ நஷ்டஈடு கிடைத்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி பரு கிரீம் வாங்க வருவாள். ஒரு நாள் கிரீமை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அக்கா, நீங்க என்ன போடுறீங்க?" ஒன்றும் இல்லை, பிறவியிலேயே இப்படித்தான் என்றேன். அதற்கு மேல் உண்மையாக ஒரு பதில் சொல்ல முடியுமா? அவளுக்குக் கோபம். "நல்லதுன்னா மட்டும் யாருமே சொல்ல மாட்டேங்குறீங்க."

ஊர்க்காரி

எங்கள் ஊர் சமயநல்லூருக்கு மேற்கே. விவசாயக் குடும்பம். அந்த ஊர் அத்தை ஒருவர், மகள் வயதுக்கு வந்துவிட்டாள் என்று நாப்கின் வாங்கக் கடைக்கு வந்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீ இன்னார் மகதான? ஒன் சடங்குப் பந்தியில சாப்பிட்டது இன்னும் நாக்குல நிக்குது" என்றார்.

ஆமாம், எனக்குச் சடங்கு நடந்தது. ஆபரேஷன் முடிந்து வந்ததும், ஊர் வாயை அடைக்க அம்மா எடுத்த முடிவு அது. குடிசை கட்டி, தாய்மாமன் சீர் வைத்து, மைக் செட் போட்டு எல்லாம் நடந்தது. பட்டுச் சேலைக்குள்ளே தையல் போட்ட இடம் இழுத்துக்கொண்டிருந்தது. வந்தவர்களை எல்லாம் முகம் பார்த்துச் சிரித்த அம்மா, என் முகத்தை மட்டும் அன்று பார்க்கவே இல்லை. இறக்கும்வரை அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவருக்கு என்ன பயம் இருந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் வலிக்கத்தான் செய்கிறது.

எத்தனை பிள்ளை என்று அத்தை கேட்டார். கல்யாணமே ஆகவில்லை என்றேன். பையைக் கையில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "அம்புட்டு விமரிசையாச் சடங்கு செஞ்ச மனுசிக்கு, ஒரு கல்யாணத்த முடிக்கத் தெரியலையே."

ஜோதி

ஜோதி என்னோடு கவுண்டரில் நிற்பவள். சிம்மக்கல்லில் இருந்து பஸ் ஏறி வருவாள். மூன்றாவது முறையாகக் கரு கலைந்து வேலைக்குத் திரும்பியபோது, "நீ தப்பிச்சவ, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்று அழுதாள். அன்று மதியம், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு ஆளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து கவுண்டருக்குப் போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து தனியாகச் சாப்பிட்டாள். முதலாளி அண்ணன்கூட, "என்னம்மா சண்டையா?" என்று கேட்டார். சொல்லியிருக்கவே கூடாது என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரம் இருக்கும். டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புளிச்சோற்றில் பாதியை என் மூடியில் வைத்தாள். டப்பாவைக் கழுவ எழுந்தபோது சொன்னாள். "என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான்டி வராம இருந்தேன்."

பச்சைப் பிள்ளை

ஒரு அம்மா மாதாமாதம் கைக்குழந்தைக்கு ஒரு மாத்திரை வாங்க வருவார். அந்த மருந்தைப் பார்த்ததுமே பிறவியிலேயே சுரப்பிக் கோளாறு என்று எனக்குத் தெரியும்; அந்தக் கோளாறு இருந்தால் சில பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பு வேறு மாதிரி இருக்கும் என்பதும் தெரியும். நானாகக் கேட்டதில்லை. ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது அவரே சொன்னார். "மாமியா ஆபரேசன் பண்ணிச் சரிபண்ணிரணும்ங்கிறாக. வெளிய தெரிஞ்சா அசிங்கமாம். அவரும் தலையாட்டுறாரு. இப்பிடிப் பிள்ளைக பெருசானா எப்பிடி இருக்குங்க?"

கவரில் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையைக் கீழே வைத்தேன். "இருக்கிறதுல பல வகை இருக்கும்மா. உங்க பிள்ளைக்கு உள்ளது வேற, எனக்கு உள்ளது வேற. ஆனா நானும் அப்பிடிப் பொறந்தவதான்" என்றேன். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, அது உயிர்ப் பிரச்சினை. ஆபரேஷனுக்கு அந்த அவசரம் இல்லை, சுரப்பி டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள், பிள்ளை வளர்ந்து தன் வாயால் சொல்லட்டும் என்றும் சொன்னேன். என்னைக் கேட்காமல் எடுத்த கதையையும் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். மாமியார் கடைசியில் என்ன முடிவெடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் குடும்பமே திருப்பூருக்குப் போய்விட்டது. ஆனால் அந்த மத்தியானம், அவர் குழந்தையைக் கவுண்டருக்கு மேலாக என்னிடம் நீட்டினார். நான் வாங்கத் தயங்கினேன். "பிடிங்க அத்த. உங்க மருமகதான."

என் உடம்போடு நான் சமாதானமாகிச் சில வருஷம் ஆகிவிட்டது. வாடிக்கையாளர்களோடுதான் பேச்சுவார்த்தை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.