சன்னலைத் திறந்தால் என்ன அறுந்துவிடும்?

ராஜபாளையத்தில் மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் இடத்தில் அடுக்குமாடி கட்டுகிறோம். வரைபடம் என்னுடையது. விளம்பரத்தில் வரும் "மில்லின் உணர்வு மாறாத வீடுகள்" என்ற வரியும் என்னுடையதுதான். மில்லின் பழைய கேட்டையே வாசலுக்கு வைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இன்று மாதிரி வீட்டைப் பார்க்க சேத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் ராணுவத்தில் இருக்கிறாராம். அம்மாவுக்குப் பிடித்தால்தான் வாங்குவாராம்.

நேராகப் படுக்கையறைக்குப் போய்ச் சன்னலைத் திறந்தார். எதிரே அடுத்த வீட்டுச் சன்னல். கை நீட்டினால் தொடலாம். ஒரு மாடிக்குப் பன்னிரண்டு வீடு வேண்டுமென்றால் அப்படித்தான் வரும்.

"காத்தே வரலையேம்மா?" என்றார்.

"சன்னலை அடைச்சே வச்சிருங்கம்மா, ஏசி போட்டுக்கலாம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார்.

"இதே எடத்துல இருவது வருசம் ஸ்பின்னிங்ல நின்னேன் தாயி. அப்பவும் சன்னலத் தொறக்க விடமாட்டாக. வெளிக்காத்து பட்டா நூலு அறுந்துருமாம். இப்ப என்னத்தா அறுந்துரும்?"

பன்னிரண்டு வீட்டுக் கணக்குத்தான் அறுந்துவிடும். அதை எப்படிச் சொல்ல?

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். வழக்கமாக வீடு பார்க்க வருகிறவர்கள்தான் அதைச் சொல்வார்கள்.

அவர் போனபிறகு விளம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

இப்போது அந்த வரியை மாற்றுவதா, சன்னலை மாற்றுவதா? சொல்லுங்கள். ஏசி யோசனையோடு மட்டும் யாரும் வரவேண்டாம். அதை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.