மெழுகு வைத்து அடைத்த டின்

கல்யாணமாகி தங்கச்சிமடம் வந்த மூன்றாவது ஐப்பசியில்தான் நான் முதல்முதலாகப் புயலைப் பார்த்தேன். தனுஷ்கோடியை அழித்த பெரும்புயலுக்கு எட்டொன்பது வருசம் முந்தி இது. ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள் நான். எங்களுக்கு மழை என்றால் கண்மாய் நிறையும், காற்று என்றால் களத்தில் பொலி தூற்றலாம், அவ்வளவுதான். கூரையை முழுசாகப் பெயர்த்துக்கொண்டு போகிற காற்றும் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

என் வீட்டுக்காரர் அங்கே தொடக்கப் பள்ளியில் வாத்தியார். அன்றைக்கு எட்டு மாசக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் மாதா கோயிலுக்கு ஓடினோம். ஊரே அங்கேதான் இருந்தது. இரண்டு நாள். குழந்தைக்கு மாற்றக் காய்ந்த துணி இல்லை. எனக்குக் காய்ச்சல், பால் வற்றிவிட்டது. அழுது அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டிப்போனது. யாரோ ஒரு அம்மா தன் மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து மழைத் தண்ணீரில் கரைத்து, விரலால் தொட்டுத் தொட்டு அதன் வாயில் வைத்தாள். என் கையில் ஒன்றுமே இல்லாமல் வந்துவிட்டேனே என்ற வெட்கத்தில் அந்த அம்மாவின் முகத்தைக்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்து, கூரை மாற்றி, எல்லாம் அடங்கிய பிறகு நான் மளிகைக் கடையில் ஒரு மண்ணெண்ணெய் டின் கேட்டு வாங்கி வந்தேன். அதன் வாடையைப் போக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளியைக் கரைத்துக் கொதிக்கவைத்து ஊற்றினேன், வெயிலில் கவிழ்த்தேன். பிறகு தகர வேலை செய்கிறவரிடம் கொடுத்து, மேலே வட்டமாக வெட்டி, இறுக்கமாக மூடி போட்டு வாங்கினேன்.

இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, யுத்தத்துக்கா புறப்படுறோம் என்று சிரித்தார். நான் பாட்டுக்கு அவல் ஒரு படி, வறுத்து அரைத்த அரிசி மாவு, கருப்பட்டி, உப்பு, சுக்கு, நைந்த சேலை ஒன்று, குழந்தைக்கு இரண்டு சட்டை, தீப்பெட்டி, சின்னக் கத்தி, இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்தில் ஒரு பாகம் கயிறு என்று எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், உள்ளே போய்த் தன் படிப்புச் சான்றிதழையும் டிரெய்னிங் சான்றிதழையும் மெழுகுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "இதையும் வையி. நமக்குச் சோறு போடுறது இதுதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கடலுக்குப் போகிற குடும்பம். அவள் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போவார். அக்காவின் தம்பி நங்கூரம் தூக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, ஒரு வருசமாகக் கட்டிலோடு கிடந்தார். அக்கா என் டின்னை எட்டிப் பார்த்துவிட்டு, தீப்பெட்டியை இப்படியா வைப்பாக என்று கேட்டாள். வீட்டுக்குப் போய்ச் சின்னச் சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்துவந்தாள். கடலுக்குப் போகிறவர்கள் தீப்பெட்டியை அதில்தான் போட்டுத் தக்கை வைத்து அடைப்பார்களாம். படகு கவிழ்ந்தாலும் நனையாது. கோயிலில் எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகளும் கொடுத்தாள். இரண்டை உள்ளே வைத்தோம். மற்றதை உருக்கி, மூடியைச் சுற்றி ஊற்றி அடைத்தோம். சுடுமெழுகு பட்டு அக்காவின் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது.

அதிலிருந்து ஐப்பசி பிறந்து தை வரும் வரைக்கும் மாசம் ஒருமுறை டின்னைத் திறப்பேன். பழைய அவலை எடுத்துத் தாளித்து வைத்துவிட்டு, புது அவல் போட்டு மறுபடி மெழுகு ஊற்றுவேன். அந்தத் தாளித்த அவலுக்காக என் மகள் நாள் எண்ணிக் காத்திருப்பாள். தெருவில் எனக்கு 'டின்னு வாத்தியாரம்மா' என்று பெயரே விழுந்துவிட்டது.

இரண்டு வருசம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வருசம், கார்த்திகையில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், வாடைக்காற்று ஒரே இரைச்சலாக ஏறி அடித்தது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இவர் ஓடிவந்தார். வடக்குக் கரையிலிருந்து தண்ணீர் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டேன். இவர் டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வாசலைத் தாண்டியதும் பக்கத்து வீட்டில் அக்கா தன் தம்பியைக் கட்டிலோடு இழுக்கப் பார்ப்பதைப் பார்த்தோம். அவள் வீட்டுக்காரர் வலை வாங்க மண்டபம் போயிருந்தார். பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று அழுதன.

இவர் ஒரு கணம் நின்றார். டின்னைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஏங்க, டின்னு" என்றேன்.

"அது கெடக்கட்டும். நீ நட" என்றார்.

அக்காவின் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு இவர் முன்னால் போக, நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் பின்னால் போனோம். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கிணற்றுச் சுவர்மேல் டின் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு மறைக்க மாட்டேன். ஒரு மனுசனைத் தூக்கி வந்திருக்கிறார் என்று தெரியும். தெரிந்தும், கோயிலில் சுவர் ஓரமாக உட்கார்ந்து அவரோடு பேசாமல் இருந்தேன். மூன்று வருசம் காத்த சாமான், வேலைக்கு ஆதாரமான காகிதம், எல்லாம் போயிற்று. மறுபடியும் வெறுங்கையோடு பிள்ளையை வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

மகள் பசி என்றாள். அப்போது அக்கா தன் தோளில் குறுக்காகக் கட்டியிருந்த ஒரு துணி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே ரெக்சின் துணியில் சுற்றி, அவல், கருப்பட்டி, மாவு, காய்ந்த துண்டு. என்னைப் பார்த்துச் செய்ததாம். நான் கேலி செய்வேன் என்று சொல்லாமல் வைத்திருந்தாளாம்.

"ஒங்க டின்னு மாதிரி பெரிசு இல்ல வாத்தியாரம்மா. இருக்கறத எல்லாரும் திம்போம்" என்றாள்.

அவளுடைய பிள்ளைகளுக்கு முன்னால் என் மகளுக்குத்தான் முதல் பிடி கொடுத்தாள். சுற்றிப் பார்த்தால் இன்னும் நாலைந்து பேர் மடியிலும் அப்படி மூட்டை இருந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் என் பங்கில் பாதியை அவர் கையில் வைத்தேன். எங்கள் சண்டை அதோடு தீர்ந்தது.

புயல் அடங்கிப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் கழித்து, வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். தலையில் தொப்பி, கையில் என் டின். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கூட அவர் மனைவி, முக்காட்டைப் பிடித்தபடி. பாம்பன் போகிற வழியில் கரை ஓரத்தில் குடியிருக்கிறவர்கள். புயலன்று வீடு போய், மூன்று பிள்ளைகளோடு ஒரு மணல் மேட்டில் ஏறியிருக்கிறார்கள். நாலு பக்கமும் தண்ணீர். மறுநாள் விடிந்து பார்த்தால் மேட்டடியில் தாழம்புதரில் இந்த டின் சிக்கிக் கிடந்ததாம். மெழுகைச் சுரண்டித் திறந்திருக்கிறார்கள். அதற்கடுத்த நாள் படகு வரும்வரை அந்த அவலையும் மாவையும் மழைத் தண்ணீரில் குழைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்குட்டிக்குக் குளிர் ஜன்னி மாதிரி வந்ததாம். என் நைந்த சேலையில்தான் சுற்றி வைத்திருந்தார்களாம்.

அதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த மனிதர் தலை குனிந்தபடி சொன்னார்: "ஒங்க புள்ளைக்கு வச்சிருந்தத எங்க புள்ளைக தின்னுருச்சுக. பொறுத்துக்கிடணும் தங்கச்சி."

நான் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

மெழுகுத்துணியைச் சுற்றியது சுற்றியபடி இவரிடம் நீட்டினார் அவர். ஒருமுறை மட்டும் பிரித்து வாத்தியார் பெயரைப் படித்தாராம், யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரிய வேண்டாமா என்றார். இரண்டு காகிதத்திலும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டின்னுக்குள் புது அவலும் புதுக் கருப்பட்டியும் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். வீடு போனவர்கள், எங்கே வாங்கினார்களோ. வேண்டாம் என்று சொல்ல இவர் வாயெடுத்தார். நான் கண்ணால் தடுத்தேன். அதை வாங்கிக்கொள்வதுதான் அவர்களுக்கு மரியாதை என்று எனக்குப் பட்டது.

அவர்களைச் சோறு சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்கார வைத்தோம். அக்கா மீன் குழம்பு கொண்டுவந்தாள். எங்கள் வாசலில் தூக்கிவந்து போட்ட கட்டிலில் படுத்தபடியே அவள் தம்பி அந்த மனிதரோடு காற்றைப் பற்றியும் நீரோட்டத்தைப் பற்றியும் சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கடல் ஓரத்துக்காரியாக ஆக்கியது அந்தச் சாயங்காலம்தான் என்று நினைக்கிறேன். அதுவரை நான் அங்கே வாக்கப்பட்டு வந்தவள் மட்டும்தான்.

பெரும்புயல் வந்தபோது நாங்கள் மாற்றலாகி ராமநாதபுரம் வந்துவிட்டோம். பாலம் போயிற்று, ரயில் போயிற்று, தனுஷ்கோடியே போயிற்று என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சேதி வந்தது. தங்கச்சிமடத்திலிருந்து மட்டும் ஒரு சேதியும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்கு மட்டும் எதையாவது கிண்டிக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். அப்புறம் ஒருநாள் தபால்காரர் ஒரு கார்டு கொடுத்தார். அக்காவின் மூத்த மகன் எழுதியிருந்தான். நாங்கள் எல்லாரும் சுகம், மாமாவையும் தூக்கிவந்துவிட்டோம், பாம்பன் பாய் வீட்டுக்காரர்களும் எங்களோடுதான் கோயிலில் இருக்கிறார்கள் என்று.

இவர் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். நான் அந்தக் கடலை நோக்கி, அது இருக்கும் திசையில், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய், ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் உலை வைத்தேன்.