மாதுளங்கோதுத் தேத்தண்ணி

எனக்குப் பெருங்குடல் அழற்சி. வயிறு எந்த நேரம் கூப்பிடும் என்று தெரியாது. கூப்பிட்டால் ஓடத்தான் வேண்டும். அதனால் எங்கள் ஊர் சண்டிலிப்பாயை விட்டு வெளியே போவதையே நிறுத்தியிருந்தேன். கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் என் கணவர் தனியாகத்தான் போவார்.

வீட்டோடு கிடப்பவளுக்கு வைத்தியம் சொல்ல ஆட்களா இல்லை? பக்கத்து வளவில் இருக்கும் இவருடைய அக்கா, இளைப்பாறிய விஞ்ஞான ரீச்சர், என்னைப் பொறுப்பெடுத்தார்.

"ஒரு மாதத்துக்கு ஒரு கைமருந்துதான். கலந்து குடிச்சா எது வேலை செய்தது எண்டு எப்பிடித் தெரியும்?" என்றார்.

ஆஸ்பத்திரிக் குளிசைகளை விழுங்குவது ஒருபக்கம் போக, வல்லாரை ஒரு மாதம், வில்வ இலை ஒரு மாதம். மூன்றாவதாக, பழத்தை உரித்த மாதுளங்கோதைக் காயவைத்து, தேத்தண்ணிபோல அவித்துக் கொண்டுவந்தார். நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு. நான் குடித்து முடிக்கும்வரை முன்னாலேயே நிற்பார். அடுப்படியில் வெந்து, வெயிலுக்குள்ளால் ஏந்திக்கொண்டு வருகிற மனிசியிடம் "ஒரு மாற்றமும் இல்லை" என்று எத்தனை தரம் சொல்வது? ஒருநாள், "இப்ப பரவாயில்லை மச்சாள்" என்றேன்.

அதோடு மாட்டுப்பட்டேன். இனி வேறு இலை வேண்டாம், இதையே இரண்டு நேரம் குடி என்று தீர்ப்பாகிவிட்டது. நான் சுகமாகிவிட்டதாகக் கோயிலடி முழுக்கக் கதை. மச்சாள் நிற்கும்போது வயிறு முறுக்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டது நான்தான், யாரை நோவது?

ஒருநாள் காலை, அந்தக் கதையைக் கேட்டு நெல்லியடியிலிருந்து ஒரு தாய், இரண்டு பஸ் மாறி, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு இருபது வயதிருக்கும், என்னுடைய அதே குடல் வருத்தம்தான். மச்சாளே அவர்களை அழைத்துவந்து இருத்தினார். அந்தப் பெண் கதிரை நுனியில், கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு அந்தத் தேத்தண்ணியாலைதானே வருத்தம் மாறினது?" என்றார் தாய். "நான் இவளின்ரை குளிசையை நேற்றோடை நிப்பாட்டிப்போட்டன். கலியாணம் பேசிற நேரம், உந்தக் குளிசையளைக் கண்டால் ஆர் வருவினம்?"

ஒருமுறை நானும் குளிசையை விட்டுப் பார்த்து, இரத்தமாகப் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். மச்சாள் பெருமையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாறேல்லை," என்றேன். "கொஞ்சமும் மாறேல்லை. நான் பொய் சொன்னனான். பிள்ளைக்குக் குளிசையை இண்டைக்கே குடுங்கோ."

மச்சாளின் முகம் கறுத்துவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் ஏன் குடிச்சனீர்?"

"நீங்கள் காய்ச்சிக்கொண்டு வந்தபடியால்."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. யாரை நம்புவது என்று தெரியாமல் தாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் முதல்தரம் தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் வியர்வை.

"அன்ரி, கக்கூசு எங்கை?" என்றாள். "நெல்லியடியிலையிருந்து அடக்கிக்கொண்டு வாறன்."