இல்லாத மீசை

இன்று காந்திபுரம் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் இல்லாத மீசையை முறுக்கினாள். என் பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண் மிரண்டுபோனாள்.

எனக்கோ கண் கலங்கிவிட்டது. சரோஜா!

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு மில்லில் இருவரும் சேர்ந்து நூல் ஓட்டினோம். மிஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது, எல்லாமே கைஜாடைதான். மீசையை முறுக்கினால் 'மேஸ்திரி வருகிறார், உஷார்' என்று அர்த்தம்.

பிறகு என்னையே மேஸ்திரி ஆக்கினார்கள். அதுவரை அங்கே பெண் மேஸ்திரி கிடையாது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை பெண்களும் மீசையை முறுக்கினார்கள். கேலி என்று நினைத்து கேண்டீனில் போய் அழுதேன்.

சரோஜாதான் டீயோடு வந்தாள்.

"ஏனுங்கக்கா அழுகறீங்க? மேஸ்திரின்னா அந்த ஜாடைதானுங்களே. உங்களுக்குன்னு வேற ஒண்ணு வெச்சா, உங்கள ஒரு படி கம்மி பண்ணுன மாதிரி ஆயிராதுங்களா?"

இன்று அவளிடம், "நல்லா இருக்கறயா கண்ணு?" என்றேன். காதைத் தொட்டுக் கையை விரித்தாள். "சுத்தமா கேக்கறதில்லீங்கக்கா. மில்லுலயே போயிருச்சு."

கணபதி ஸ்டாப் வரும்வரை பழையபடி ஜாடையிலேயே பேசினோம். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

நான் இறங்கும்போது கண்டக்டர், "பாத்து எறங்குங்க பாட்டிம்மா" என்றார்.

பாட்டிம்மாவாம்! நான் மேஸ்திரி என்று யாராவது அவரிடம் சொல்லுங்களேன். ஜாடையில் சொன்னாலும் போதும்.