ஆலைவாசலில் முளைத்த பூசணி

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், எழுபதுகளின் நடுவில், என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் வேலை கிடைத்தது. உலையிலிருந்து சிவக்கச் சிவக்க வரும் கம்பியைக் குறடால் பிடித்து உருளைகளுக்குள் செருகும் வேலை. ஆலைக்குப் பின்னாலேயே ஓட்டு வீடு ஒன்றில் குடியேறினோம். வீட்டைவிடக் கொல்லை பெரிது. கடை உரம் போட்டுக் காய் வளர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு அப்போதே ஆகாது. எரு, அடுப்புச் சாம்பல், மீன் கழுவிய தண்ணீர், இவ்வளவுதான் நான் போட்டதெல்லாம்.

வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள் கழித்து, கைக்குட்டையில் ஈரமண்ணோடு ஒரு பூசணி நாற்றைக் கொண்டுவந்தார்.

"கேன்டீன் பின்னால தானா மொளைச்சிருந்தது. லாரி ஏறிடப்போதுன்னு புடுங்கியாந்தேன்."

ஒரு முழம் பூ வாங்கிவரத் தெரியாத மனிதர். இதாவது தோன்றியதே என்று வாங்கி வேலியோரம் நட்டேன்.

அந்தக் கொடியின் போக்கே எனக்குப் பிடிபடவில்லை. நான் பந்தல் போட்டது கிழக்கே. அது ஆலைப் பக்கமே ஓடியது. இழுத்துத் திருப்பிவிட்டால் மறுநாள் காலையில் நுனி மறுபடி அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கும். வேலி தாண்டி வந்த ஆடுகள் கத்திரிச்செடியை மொட்டையடித்துவிட்டு, இதை மோந்துகூடப் பார்க்காமல் போயின. காயைத் துடைத்தால் விரலெல்லாம் கறுப்பு. ஆலைப் புகைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் தனியாக இருக்கும்போது அந்தப் பக்கம் போக உடம்பு கூசியது.

காய் மட்டும் அமிர்தம். மோர்க்குழம்பு வைத்தேன், பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு செய்தேன், தோலைக்கூட விடாமல் துவையல் அரைத்தேன். அவர் சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு அந்தப் பெண் வரத் தொடங்கினாள். சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதும்போது வேலிக்கு வெளியே வந்து நிற்பாள். என் வயதுதான் இருக்கும், நெற்றியில் பொட்டில்லை. கூப்பிட்டால் பதில் வராது. கொடியையே பார்ப்பாள், சங்கு அடங்கியதும் போய்விடுவாள். எனக்குப் பொறுமை என்பது என்றைக்கும் கிடையாது. ஒருநாள் படலைத் திறந்துகொண்டு நேரே போய்விட்டேன்.

"யாரும்மா நீ? தெனம் வந்து நின்னுக்கினு இன்னா பாக்குற?"

"இது ஆலை கேட்டாண்ட மொளைச்ச நாத்துதானே? உங்க ஊட்டுக்காரரு புடுங்கறப்போ பாத்தேன்" என்றாள். "உங்காளு நிக்கிற மிசின்ல மின்னாடி எங்க ஊட்டுக்காரருதான் நின்னாரு. அதுலயே மாட்டிக்கினு பூட்டாரு. அவரு எடத்துக்கு உங்காளு வந்த அன்னிக்கி, ஒரு பூசணிக்காய உங்காளுக்கும் மிசினுக்கும் சுத்தி கேட்டாண்ட ஒடைச்சாங்க. அது வெதைதான் இது."

என் கணவர் தலையைச் சுற்றிக் கழித்துப் போட்டதை, ஊரே தாண்டாமல் ஒதுங்கிப்போகும் ஒன்றை, நான் வளர்த்துச் சமைத்து அவர் தட்டிலேயே பரிமாறியிருக்கிறேன். சொன்னால் நான் நாற்றை நட மாட்டேன் என்றுதான் கேன்டீன் கதை விட்டிருக்கிறார். அரிவாளை எடுத்துக்கொண்டு கொடியை அடியோடு அறுக்கப் போனேன்.

"அறுக்காதம்மா" என்று அவள் உள்ளே வந்துவிட்டாள். "காயி கீதுன்னா எனக்குக் குடு. ஊட்ல புள்ளைங்க கீதுங்க. நீ துன்ன பயப்படுவே. எங்களுக்கு இனிமே இன்னா வரப்போவுது?"

பெரிய காய்களாகப் பார்த்து இரண்டை அறுத்துக் கொடுத்தேன். இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு படல்வரை போனவள் திரும்பினாள்.

"உங்காளுகிட்ட ஒன்னு சொல்லு. கம்பி இழுத்துச்சின்னா குறட வுட்டுடணும். எங்க ஊட்டுக்காரரு, குறடு உள்ள பூட்டா மேஸ்திரி வைவாருன்னு, வுடாம புடிச்சிக்கினே இருந்தாராம்."

அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், பூசணியைப் பற்றி மூச்சு விடாமல், அவள் சொன்னதை மட்டும் சொன்னேன். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர், பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேஸ்திரி என்கிட்டயும் தெனம் அதத்தான் சொல்றாரு" என்றார். "இன்னா ஆனாலும் குறட வுடாதன்னு."