ஊர்ச்சொத்தான நாடகம்

காற்றைக் குளிர்விக்கும் கூலரில் புதிதாகத் திணித்த புல், முதல் தண்ணீர் பட்டதும் விடுகிற ஈர வாசம் எங்காவது வந்தால், எனக்கு நாடக ஒத்திகைதான் நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளில் நாங்கள் டெல்லி ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாடி வீட்டு லலிதா ஆன்ட்டி திருநெல்வேலிக்காரர். அவருடைய அப்பா நாடகாசிரியர். அவர் காலமாகி, புத்தகங்கள் கடைகளில் கிடைக்காமல் போன பிறகும், நாடகம் போட அனுமதி கேட்டு வருகிறவர்களிடம் ஆன்ட்டி, "ஒரு எழுத்து மாத்தக் கூடாது" என்று முடிவாகச் சொல்லிவிடுவார். அந்தத் தமிழ் எங்கள் டெல்லி வாய்களில் நுழையாது என்பதால், வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

ஒரு கோடையில், அந்த எழுத்துகளை நாட்டுடைமையாக்கத் தமிழக அரசு கேட்டு, ஆன்ட்டியும் சம்மதித்துவிட்டார் என்று செய்தி வந்தது. "இனிமே யார் வேணாலும் அச்சடிக்கலாம், நடிக்கலாம், மாத்தலாம்" என்று அப்பா விளக்கியதுதான் தாமதம், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா அந்த நாடகங்களில் ஒன்றின் வசனங்களை இந்தி எழுத்தில் எழுத ஆரம்பித்துவிட்டாள். எங்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஆனாலும் சொல்லாமல் செய்ய மனம் வராமல், என்னையும் இழுத்துக்கொண்டு மாடியேறினாள். ஆன்ட்டி கதவைப் பிடித்தபடியே கேட்டார். "ஏட்டி, எங்கிட்ட எதுக்குக் கேக்க? குடுத்தாச்சுல்லா. இனி அது ஊர்ச்சொத்து." சொன்னாரே தவிர, உள்ளே வரச் சொல்லவில்லை. அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டுக் கூலர் முன்னால் ஒத்திகை தொடங்கி, கோடை முடிவதற்குள் குவார்ட்டர்ஸிலேயே மேடையேறினோம்.

மூல நாடகத்தில் காய்கறிக்காரியிடம் ஓர் அம்மாள் கறிவேப்பிலையை மட்டும் "கொசுறு" கேட்பாள். எங்கள் நாடகத்தில் மீசை ஒட்டிய "சப்ஜிவாலா" நான்தான். என்னிடம் எதிர்வீட்டுப் பெண், "பையா, சப்ஜி வேணாம், தனியா மட்டும் ஃப்ரீயா குடு, ஜல்தி!" என்றதும், தினமும் தனியா என்கிற கொத்தமல்லித் தழைக்கு இப்படியே வாதாடுகிற குவார்ட்டர்ஸ் பெண்கள் அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஆன்ட்டியைப் பயத்தோடு பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் மேடைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பா போடும்போதுகூட இந்த இடத்துல ஜனம் இப்படிச் சிரிச்சதில்ல, பாத்துக்கோ."

கட்டிக்காத்ததை ஊருக்கு விட்டுக்கொடுத்து, ஊர் அதை இஷ்டத்துக்கு மாற்றுவதையும் வந்து உட்கார்ந்து ரசிக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது.

அந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், ஆன்ட்டியும் இல்லை. போன மாதம், ஏதோ ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் அதே நாடகத்தை நடித்த காணொளி என் கைப்பேசிக்கு வந்தது. அதில், ஆப்பில் வாங்கிய காய்கறி ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறது. நாங்கள் யாருமே கவனிக்காமல் கடந்துபோன ஒரு வசனத்தில் அந்த அரங்கமே சிரித்தது.